கென்னடி கொலைப் படங்களை ஆராயப் போகிறீர்களா? முதலில் இவற்றைச் செய்யுங்கள்

1963 நவம்பர் 22 அன்று டாலஸ் நகரின் டீலி பிளாசாவில் அதிபர் கென்னடி சுடப்பட்டபோது, அங்கே கேமராவும் கையுமாக நின்றவர்கள் பலர். பக்கத்துப் புத்தகக் கிடங்கில் வேலை பார்த்த லீ ஹார்வி ஆஸ்வால்ட் அதன் ஆறாம் மாடி ஜன்னலிலிருந்து தனியாளாகச் சுட்டார் என்றது, கொலையை விசாரித்த அரசுக் குழுவான வாரன் கமிஷன். அந்தப் படங்களைப் பார்க்கப் பார்க்க, அரசு சொன்ன அந்தக் கதை சரிதானா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தொடங்கியது. ஆனால் எந்தப் படம் எங்கே இருக்கிறது, எது இலவசம், எதற்குப் பணம், எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று தமிழில் எடுத்துச் சொல்ல ஆளில்லை. ஆங்கிலத்திலும் தகவல்கள் பத்து இடத்தில் சிதறிக் கிடக்கின்றன. நான் அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

சுட்டது யார் என்பதற்கு இங்கே விடை கிடைக்காது. படத்தை வைத்துக் கேட்கும் கேள்வி, முதல் எதிர்ப்பிலேயே சரிந்து விழாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும்தான் சொல்கிறேன்.

1. ஒரே ஒரு கேள்வியோடு தொடங்குங்கள்

"இது சதியா?" என்பது படத்திடம் கேட்கக்கூடிய கேள்வி இல்லை. "சாலைப் பலகைக்குப் பின்னால் மறைவதற்கு முன்பே கென்னடியின் கை அசைவில் மாற்றம் தெரிகிறதா?" என்பது படத்திடம் கேட்கலாம். "புத்தகக் கிடங்கின் வாசலில் நிற்பவர் ஆஸ்வால்டா?" என்றும் கேட்கலாம். (இதை ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். ஏ.பி. செய்தி நிறுவனப் புகைப்படக்காரர் ஆல்ட்கென்ஸ் எடுத்த படத்தில் வாசலில் தெரிபவர், ஆஸ்வால்டுடன் வேலை செய்த பில்லி லவ்லேடி என்று வாரன் கமிஷனும், பின்னால் வந்த நாடாளுமன்றக் குழுவும் சொல்லிவிட்டன. இன்றும் வாரம் ஒருவராவது இதைப் புதிதாகக் "கண்டுபிடிக்கிறார்".)

கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள். பக்கத்தில் அது எந்தப் படம், எந்த ஃபிரேம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்படிக் குறிக்க முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் பழுக்கவில்லை.

2. அரசுத் தரப்பு என்ன சொன்னது என்பதை அதன் வாயாலேயே கேளுங்கள்

பலர் எதிர்ப்பது வாரன் அறிக்கையை இல்லை. யாரோ யூடியூபில் சொன்ன வாரன் அறிக்கையை. அசல் 1964 செப்டம்பரில் வந்தது, 888 பக்கம். அதோடு 26 துணைத் தொகுதிகள்: முதல் 15 தொகுதிகளில் சாட்சியங்கள், 16 முதல் 26 வரை சான்றுப் பொருள்கள். எல்லாமே பி.டி.எஃப். வடிவில் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய அச்சுப் பிரதிக்குப் பணம் கொடுக்காதீர்கள், தேடுவதற்கு பி.டி.எஃப். தான் வசதி.

முழுவதும் படிக்க வேண்டியதில்லை. குண்டுகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு மூன்றாம் அத்தியாயம், ஆஸ்வால்டின் துப்பாக்கிக்கும், வீட்டுக் கொல்லையில் அவர் துப்பாக்கியோடு நிற்கும் கொல்லைப்புறப் படங்களுக்கும் நான்காம் அத்தியாயம், அப்புறம் பன்னிரண்டாம் பின்னிணைப்பு. அந்தப் பின்னிணைப்பில் அன்றைக்கு ஊரில் உலவிய வதந்திகளைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றுக்கும் கமிஷன் பதில் சொல்லியிருக்கிறது. உங்கள் கேள்வி அதில் இருந்தால், அந்தப் பதிலில் எங்கே ஓட்டை என்று பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள்.

புதியவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாத இன்னொன்று: அரசுத் தரப்புக் கதை ஒன்றல்ல, இரண்டு. 1979-இல் அமெரிக்க நாடாளுமன்றக் கீழவையின் படுகொலை விசாரணைக் குழு (எச்.எஸ்.சி.ஏ.) தன் அறிக்கையை வெளியிட்டது. கென்னடி "அநேகமாக" ஒரு சதியின் விளைவாகவே கொல்லப்பட்டார் என்று அது சொன்னது. அதற்கு முக்கிய ஆதாரம் போலீஸ் வயர்லெஸ் ஒலிப்பதிவு. அந்த ஒலி ஆய்வை 1982-இல் தேசிய அறிவியல் கழகத்தின் குழு ஒன்று நிராகரித்தது. ஆனால் படங்களைப் பொறுத்தவரை அதே எச்.எஸ்.சி.ஏ.வின் வல்லுநர் குழு வாரன் கமிஷனோடு பெரும்பாலும் ஒத்துப்போனது. அந்தப் பட ஆய்வு முழுவதும் அதன் ஆறாம் தொகுதியில் இருக்கிறது. ஒரே ஒரு தொகுதி படிக்கத்தான் நேரம் இருக்கிறது என்றால் அதையே படியுங்கள்.

இந்த வாசிப்புக்கு, வேலைக்குப் போய்வருபவர் என்றால் ஒரு மாதம் ஒதுக்குங்கள். செலவு ஏதுமில்லை.

3. கையில் இருப்பது எத்தனையாவது நகல் என்று கண்டுபிடியுங்கள்

இந்த வேலையில் பாதிப்பேர் கவிழும் இடம் இதுதான். ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் முகம் கரிக்கட்டையாகி, கன்னத்தில் இல்லாத மச்சம் வந்து உட்காரும் இல்லையா? இணையத்தில் உலவும் பல படங்களின் கதை அதுதான். அந்த மச்சத்தைத்தான் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டுகிறார்கள்.

சம்பவத்தை அங்கே நின்று படமெடுத்த ஆபிரகாம் சாப்ரூடரின் ஃபிலிமை எடுத்துக்கொள்வோம். 8 மில்லிமீட்டர் வீட்டுக் கேமராவில் எடுத்தது, 486 ஃபிரேம், சுமார் 26.6 விநாடி. அன்றைக்கே அசலிலிருந்து மூன்று நகல்கள் எடுத்தார்கள். இரண்டு, அதிபரின் பாதுகாப்புப் படையான சீக்ரெட் சர்வீஸுக்குப் போயின. அசல் லைஃப் பத்திரிகையின் கைக்குப் போய்விட்டது. நீங்கள் பார்க்கும் படம் அசலிலிருந்து வந்ததா, நகலிலிருந்து வந்ததா என்று சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. ஃபிலிமின் இடது ஓரத்தில் பல்சக்கரத் துளைகள் வரிசையாக இருக்கும். அசலில் அந்தத் துளைகளுக்கு இடையிலும் காட்சி பதிவாகியிருக்கிறது. அன்று எடுத்த நகல்களில் அந்தப் பகுதி வரவில்லை. துளைகளுக்கு இடையில் காட்சி தெரிந்தால் படம் அசலின் வழி வந்தது என்று நம்பலாம். தெரியாவிட்டால் ஒன்று நகல்வழி வந்தது, அல்லது யாரோ ஓரத்தை வெட்டியிருக்கிறார்கள்.

அடுத்து, வாரன் கமிஷனின் பதினெட்டாம் தொகுதி. 885 என்ற எண்ணிட்ட சான்றாக 171 முதல் 334 வரையிலான ஃபிரேம்கள் கறுப்பு வெள்ளையில் அச்சாகியிருக்கின்றன. அதில் இரண்டு கோளாறு:

208 முதல் 211 வரை இல்லை. லைஃப் பத்திரிகையின் கையில் இருந்தபோது அசல் அந்த இடத்தில் சேதமடைந்து, வெட்டி ஒட்டப்பட்டது. கென்னடி முதலில் காயம்பட்டதாகக் கமிஷன் சொல்லும் நேரத்தை ஒட்டிய ஃபிரேம்கள் அவை என்பதால் சந்தேகம் வருவது இயற்கை. ஆனால் வெட்டுக்கு முன் எடுத்த நகல்களில் அவை இருக்கின்றன. "அழித்துவிட்டார்கள்" என்று எழுதினால் உங்கள் கட்டுரை அங்கேயே முடிந்தது.

314, 315 இரண்டும் இடம் மாறி அச்சாகியிருக்கின்றன. தலையில் குண்டு பாய்ந்த 313-க்கு அடுத்தவை அவை. வரிசை மாறியதால் தலை போகும் திசையே வேறு மாதிரித் தெரிகிறது. அச்சுப் பிழை என்று எஃப்.பி.ஐ. தலைவர் ஹூவர் 1965-இல் ஒப்புக்கொண்டார். இது வேண்டுமென்றே செய்ததா என்று நீங்கள் கேட்கலாம், தவறில்லை. ஆனால் அந்தத் தொகுதியின் பக்கங்களை ஸ்கேன் செய்து அனிமேஷன் ஆக்கிவிட்டு அதை ஆதாரம் என்று காட்டாதீர்கள்.

ஏ.ஐ. கொண்டு தெளிவாக்கிய படங்களை அறவே தொடாதீர்கள். மங்கிய இடத்தில் என்ன இருக்கக்கூடும் என்று அந்த மென்பொருள் தானாக வரைந்து நிரப்புகிறது. மேரி மூர்மன் எடுத்த போலராய்டு படத்தின் புல்மேட்டுப் பகுதியைப் பெரிதாக்கினால், சீருடையில் ஒருவர் துப்பாக்கியோடு நிற்கிறார் என்ற பேச்சு வெகுநாளாக உண்டு. அசலில் அது நகத்தின் நுனி அளவுகூட இல்லை. அதை ஏ.ஐ.யிடம் கொடுத்தால் மீசை வரைக்கும் வரைந்து கொடுக்கும்.

நல்ல நகல்கள் இலவசமாகக் கிடைக்கும் இடங்கள்:

டாலஸ் போலீஸ் எடுத்த படங்களுக்கு, வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம் நடத்தும் டெக்சாஸ் வரலாற்று இணையதளம். டாலஸ் நகராட்சிக் காப்பகத்தின் கென்னடி கோப்புகள் அங்கே இருக்கின்றன. ஆறாம் மாடி ஜன்னலோரப் பெட்டிகளின் படங்களைப் பெரிய அளவில் இறக்கிக்கொள்ளலாம். ஆவணங்களுக்கு அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் தளமும் மேரி ஃபெரல் அறக்கட்டளையின் தளமும். இரண்டாவதில் உறுப்பினர் கட்டணம் கேட்கும். தொடக்கத்தில் அது தேவைப்படாது.

பணம் வாங்கிக்கொண்டு "அசல் நெகட்டிவிலிருந்து எடுத்த பிரின்ட்" அனுப்புவதாகச் சொல்லும் தனியார் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். எந்தக் காப்பகத்தின் எந்த எண்ணுள்ள நெகட்டிவ் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராது. பணமும் மிச்சம்.

4. சாப்ரூடர் ஃபிலிமைக் கடிகாரமாக வைத்துக்கொள்ளுங்கள்

எஃப்.பி.ஐ. அந்தக் கேமராவைச் சோதித்து, விநாடிக்கு 18.3 ஃபிரேம் ஓடுகிறது என்றது. இந்த ஓர் எண் போதும், அரசுத் தரப்பின் கணக்கை நீங்களே கால்குலேட்டரில் போட்டுப் பார்க்க.

முதல் காயம் பெரும்பாலும் 210-க்கும் 225-க்கும் இடையில், தலைக்காயம் 313-இல் என்கிறது வாரன் அறிக்கை. 210-இலிருந்து 313 வரை 103 ஃபிரேம், அதாவது 5.6 விநாடி. 225-இலிருந்து என்றால் 88 ஃபிரேம், 4.8 விநாடி. அறிக்கையில் வரும் "4.8 முதல் 5.6 விநாடி" இப்படித்தான் பிறந்தது. அந்தத் துப்பாக்கியில் ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் குறைந்தது 2.3 விநாடி தேவை என்றார்கள். அது 42 ஃபிரேம். அதே காரில் கென்னடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த டெக்சாஸ் கவர்னர் கானலி 240-க்குப் பிறகு காயம்பட்டிருக்க முடியாது என்றும் அறிக்கை சொல்கிறது. அப்படியானால் 210-இல் கென்னடி, 240-க்குள் கானலி என்று இரண்டு தனித்தனிக் குண்டுகளுக்கு ஒரு துப்பாக்கியில் நேரம் போதாது. ஒரே குண்டு இருவரையும் துளைத்தது என்ற "ஒற்றைக் குண்டு" வாதம் ஏன் வந்தது என்பது இந்தக் கணக்கைப் போட்டால்தான் புரியும்.

கானலி தன் ஆயுள் முழுக்க, கென்னடி மீது பாய்ந்த முதல் குண்டு தன்மீது பாயவில்லை என்றே சொல்லிவந்தார். அதோடு எச்.எஸ்.சி.ஏ.வின் பட வல்லுநர்கள் ஒற்றைக் குண்டை ஏற்றுக்கொண்டாலும், அது பட்ட நேரத்தை 190-ஐ ஒட்டி வைத்தார்கள். 210-க்கு முன் ஆறாம் மாடி ஜன்னலிலிருந்து பார்வையை ஓக் மரம் மறைத்தது, 186-ஐ ஒட்டி மட்டும் ஒரு கணம் இடைவெளி என்று சொன்னது வாரன் கமிஷன். இரண்டு அரசுக் குழுக்கள், ஒரே ஃபிலிம், வேறு வேறு ஃபிரேம். என்னைக் கேட்டால், மங்கலான முகங்களைத் தேடுவதைவிட இந்த இடத்தில் தோண்டுவது எவ்வளவோ மேல்.

அப்புறம், ஃபிலிமில் கார் சாலைப் பலகைக்குப் பின்னால் போய் ஏறத்தாழ 225-இல் கென்னடி மறுபடி தெரிகிறார். அதாவது கமிஷன் சொல்லும் முக்கியமான கணத்தில் சாப்ரூடர் கேமராவுக்கு அவர் தெரியவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப மற்ற படங்களை இந்தக் கடிகாரத்தில் பொருத்த வேண்டும். ஆல்ட்கென்ஸின் படம் 255-ஐ ஒட்டி விழுகிறது. மூர்மனின் போலராய்டு 313-க்குச் சற்றுப் பின்னால். ஆர்வில் நிக்ஸ், மேரி மச்மோர் இருவரின் ஃபிலிம்களும் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தவை. ஒரு படத்தின் நேரத்தையும் எடுத்தவர் நின்ற இடத்தையும் குறித்துக்கொள்ளாமல் அதிலிருந்து முடிவு சொல்லக் கூடாது.

இங்கே இரண்டு பொறிகள்.

ஒன்று, இருக்கை. இணையத்தில் சுற்றும் கோட்டுப் படங்களில் கானலி நேராகக் கென்னடிக்கு முன்னால், அதே உயரத்தில் உட்கார்ந்திருப்பார். குண்டு வளைந்து திரும்புவதாகக் காட்டுவார்கள். உண்மையில் கானலி உட்கார்ந்தது மடிப்பு இருக்கை; கென்னடியின் இருக்கையைவிடத் தாழ்வு, கதவிலிருந்து உள்ளே தள்ளியும் இருந்தது.

இரண்டு, மறுநடிப்புப் படங்கள். 1964 மே 24 அன்று எஃப்.பி.ஐ. அதே சாலையில் சம்பவத்தை நடித்துப் பார்த்துப் படமெடுத்தது. கார் வேறு, கென்னடியாக உட்கார்ந்தவர் 10 அங்குலம் உயரத்தில் இருந்தார் என்று அறிக்கையே சொல்கிறது. அந்தப் படங்களைக் கேள்வி கேட்பது நியாயம். சம்பவத்தின் படம் என்று நினைத்துக் கேட்பது நியாயமில்லை.

5. கொல்லைப்புறப் படங்களில் கை வைக்கும் முன்

ஆஸ்வால்ட் துப்பாக்கியும் செய்தித்தாளுமாக நிற்கும் படங்கள். மூக்கின் கீழ் நிழல் ஒரு பக்கம், தரையில் நிழல் வேறு பக்கம், தாடை வேறு மாதிரி என்று போலி வாதம் அறுபது ஆண்டாக ஓடுகிறது. கேட்பதற்கு முன் மூன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

படம் ஒன்றில்லை. 133-ஏ, 133-பி என்று இரண்டு கமிஷனிடம் இருந்தன; மூன்றாவது ஒன்று எழுபதுகளில்தான் வெளியே வந்தது. நெகட்டிவ் கிடைத்தது 133-பி-க்கு மட்டும். அது ஆஸ்வால்டின் இம்பீரியல் ரிஃப்ளெக்ஸ் கேமராவில் எடுக்கப்பட்டது என்று எஃப்.பி.ஐ. நிபுணர் ஷேனிஃபெல்ட் சாட்சியம் சொன்னார். ஆகவே "போலி" என்றால் எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் எழுதுங்கள்.

பத்திரிகைகளில் வந்த 133-ஏ படம் திருத்தப்பட்டது. லைஃப், நியூஸ்வீக், நியூயார்க் டைம்ஸ் மூன்றும் தாங்கள் வண்ணம் தொட்டுத் திருத்தியதாகக் கமிஷனிடமே சொல்லியிருக்கின்றன. பத்திரிகை அட்டையில் துப்பாக்கி வேறு மாதிரித் தெரிவதை வைத்து வாதம் கட்டாதீர்கள்.

நிழல் வாதத்தை டார்ட்மத் கல்லூரியின் ஹானி ஃபரீத் 2009-இல் முப்பரிமாண மாதிரி செய்து சோதித்தார். ஒரே சூரியனால் அந்த நிழல்கள் எல்லாம் விழக்கூடியவைதான் என்றது முடிவு. அவரை மறுக்க வேண்டுமானால் நீங்களும் ஒரு மாதிரி செய்ய வேண்டும். பிளெண்டர் மென்பொருள் இலவசம். கற்றுக்கொள்ளச் சில வாரம் ஆகும். வெறுங்கண்ணால் "நிழல் இடிக்கிறதே" என்பது இனி செல்லாது.

இதோடு, குடை மனிதரின் கதையையும் ஒருமுறை படித்துவிடுங்கள். வெயில் நாளில் கறுப்புக் குடை விரித்து நின்றவர் கொலையாளிக்குச் சைகை காட்டினார் என்றார்கள். 1978-இல் லூயி விட் என்பவர் எச்.எஸ்.சி.ஏ. முன் வந்து, அது நான்தான், ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்த, எப்போதும் குடையோடு காணப்பட்ட பிரிட்டன் பிரதமர் சேம்பர்லேனைக் கென்னடியின் தந்தை ஆதரித்ததைக் குத்திக்காட்டக் குடை பிடித்தேன் என்று சாட்சியம் சொன்னார். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் அந்தச் சாட்சியத்தைச் சொல்லாமல் குடையைப் பற்றி எழுதாதீர்கள்.

6. பிரேதப் பரிசோதனைப் படங்கள்: காத்திருக்காதீர்கள்

இவை தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, ஆனால் 1966-இல் கென்னடி குடும்பம் எழுதிக்கொடுத்த கொடைப் பத்திரத்தின் நிபந்தனைக்கு உட்பட்டவை. குடும்பத்தின் பிரதிநிதி அனுமதிக்க வேண்டும். துறை வல்லுநர் இல்லாத நமக்கு அது கிடைக்காது. விண்ணப்பம் எழுதி மாதங்களை வீணாக்க வேண்டாம். இணையத்தில் கசிந்த படங்கள் எத்தனையாவது நகல் என்றே தெரியாது.

நமக்குத் திறந்திருக்கும் வழி சாட்சியங்கள். 1994 முதல் 1998 வரை இயங்கிய படுகொலை ஆவணச் சீராய்வு வாரியம் (ஏ.ஆர்.ஆர்.பி.) படமெடுத்தவர்களையும் ஃபிலிம் கழுவியவர்களையும் அழைத்து விசாரித்தது. பரிசோதனையைப் படமெடுத்த ஜான் ஸ்ட்ரிங்கர் 1996-இல், காப்பகத்தில் இருக்கும் மூளைப் படங்கள் தான் பயன்படுத்திய ஃபிலிம் வகையில் இல்லை என்றார். முப்பது ஆண்டுக்குப் பிந்தைய நினைவு என்று இதை மறுப்பவர்களும் உண்டு. இருந்தாலும் பெயரோடும் பிரமாணத்தோடும் பதிவான சந்தேகம். இலவசமாகப் படிக்கலாம்.

7. காப்பகத்துக்கு எழுதுவது, நேரில் போவது

வாரன் கமிஷனின் சான்றுப் பொருள்கள் மேரிலாந்து மாநிலம் காலேஜ் பார்க்கில் உள்ள காப்பகக் கிளையில் இருக்கின்றன. முதலில் மின்னஞ்சல் அனுப்புங்கள். "கென்னடி படங்கள் வேண்டும்" என்று எழுதினால் பொதுவான இணைப்பு ஒன்றுதான் திரும்பி வரும். ஆவணக் குழு எண் (வாரன் கமிஷனுக்கு 272, எச்.எஸ்.சி.ஏ.வுக்கு 233), சான்று எண், தொகுதி, பக்கம், உங்களுக்கு வேண்டியது பார்வை நகலா உயர்தர ஸ்கேனா என்பதை எழுதுங்கள். பதிலுக்குச் சில வாரம் ஆகும், அதன்பின் விலை மதிப்பீடு வரும், பணம் கட்டிய பிறகு நகல் எடுப்பார்கள். தொடக்கத்திலிருந்து கைக்கு வரும்வரை மூன்று மாதம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

நேரில் போவதற்கு அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. பாஸ்போர்ட்டைக் காட்டினால் ஆய்வாளர் அட்டை இலவசமாகத் தருவார்கள், ஓராண்டு செல்லும். வாசிப்பறையில் பென்சில் மட்டும்தான். பேனா, பை எல்லாம் வெளியே லாக்கரில். சொந்தக் கேமராவில் ஃபிளாஷ் இல்லாமல் படமெடுக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. சனி, ஞாயிறை நம்பி டிக்கெட் போடாதீர்கள். சாப்ரூடர் அசலை யாருக்கும் எடுத்துக் காட்ட மாட்டார்கள், அதற்காகப் போக வேண்டாம். சுற்றுலா விசா விண்ணப்பத்துக்கே 185 டாலர், சென்னையில் நேர்காணல் தேதிக்கான காத்திருப்பு வேறு. இதற்காக மட்டும் போவதைவிட, உறவினர் யாராவது அந்தப் பக்கம் இருந்து நீங்கள் போகும் வேளையில் சேர்த்துக்கொள்வது கட்டுப்படியாகும்.

8. வெளியிடும் முன் உரிமையைப் பாருங்கள்

அமெரிக்க அரசு ஊழியர்கள் பணியில் எடுத்த படங்களுக்குக் காப்புரிமை இல்லை. எஃப்.பி.ஐ. எடுத்த மறுநடிப்புப் படங்கள் இந்த வகை. ஆல்ட்கென்ஸ் படம் ஏ.பி.யுடையது. சாப்ரூடர் ஃபிலிமில்தான் பலருக்குக் குழப்பம்: அசல் சுருளை எடுத்துக்கொண்டதற்கு இழப்பீடாக அரசு 1.6 கோடி டாலர் கொடுத்தது, ஆனால் காப்புரிமை அரசிடம் இல்லை. சாப்ரூடர் குடும்பம் அதை 1999-இல் டாலஸின் ஆறாம் மாடி அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டது. புத்தகத்திலோ விளம்பர வருமானம் வரும் காணொளியிலோ பயன்படுத்த வேண்டுமென்றால் அவர்களிடம் உரிமம் கேளுங்கள். பயன்பாட்டைப் பொறுத்துக் கட்டணம் மாறும். எத்தனை ஃபிரேம், எவ்வளவு நேரம், எந்த மொழி, எத்தனை பிரதி என்பதை முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டால் ஒரு சுற்றுக் கடிதப் போக்குவரத்து குறையும்.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. ஆனால் யூடியூபின் தானியங்கி முறை பிரிவு எண்ணெல்லாம் பார்க்காது. வம்பு வேண்டாம் என்றால் வரைந்துவிடுங்கள். லைஃப் நிறுவனத்தார், ஃபிரேம்களைப் பார்த்துக் கரிக்கோலால் வரைந்து புத்தகத்தில் வெளியிட்டவர்கள்மீது வழக்குப் போட்டார்கள். 1968-இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் அது நியாயமான பயன்பாடே என்றது. வரைபடத்தின் கீழே ஃபிரேம் எண்ணையும், எந்த நகலைப் பார்த்து வரைந்தது என்பதையும் எழுதுங்கள்.